டிரம்முக்கு வெளியே யாரும் இல்லை

மே 4, ஞாயிறு

இந்த நோட்டு ரத்தினபாண்டி சார் கொடுத்தது. ஓடிய தூரம், எடுத்த நேரம், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, இவ்வளவும் தினமும் எழுதச் சொல்லிவிட்டுத் தேசிய முகாமுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். திரும்ப இரண்டு மாதம் ஆகும். அவர் கேட்டதை இடது பக்கத்தில் எழுதுகிறேன். வலது பக்கம் என்னுடையது. நாளைக்கு நோட்டைக் கொடு என்றால் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் கிழித்துக் கொடுப்பது என்று இப்போதுதான் உறைக்கிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதை ஐஸ் டிரம்முக்குள் நின்றுகொண்டு எழுதுகிறேன். விளையாட்டு இல்லை. எங்கள் வீராங்கனைகள் விடுதியில் ஐஸ் குளியலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி உள்ளே இறங்கினால் இன்னொருத்தி வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் ஏறினால் நேரம் தெரியாது, இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றும். பதில் தாமதமாக வந்தாலோ உளறினாலோ வெளியே இருப்பவள் கையைப் பிடித்து இழுத்துவிடுவாள். இப்போது கோடை விடுமுறை. இருபத்திரண்டு அறையிலும் நான் ஒருத்திதான். அதனால் டிரம்மின் வாயில் பலகையைப் போட்டு நோட்டை வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணினால் வெளியே ஏறிவிட வேண்டும், அதுதான் என் சட்டம்.

ஜூன் 21, திருச்சியில் மாநிலத் தேர்வு. ஐயாயிரம் மீட்டர். முதல் இரண்டு பேர் அணிக்குப் போவார்கள். போன வருடம் நான் மூன்றாவது. இரண்டு வருடம் தொடர்ந்து தேர்வாகாதவள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் சாத்தான்குளத்தில் அண்ணனின் டயர் கடைக்கு மேலே இருக்கிற வீடு. அங்கே நான் மதினிக்குக் கூடமாட வேலை செய்கிறவளாக இருப்பேன். ஓடுகிறவளாக இருக்க மாட்டேன்.

இன்று பன்னிரண்டு கிலோமீட்டர். தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. மீன் தொட்டிக்கு வைக்கிற தெர்மாமீட்டர்தான், நன்றாகவே காட்டுகிறது.

மே 6, செவ்வாய்

ஐஸ் வாங்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. மீன் இல்லையென்றால் ஐஸுக்கு என்ன வேலை? பாதி ஐஸ் கம்பெனிகள் மூடிக் கிடக்கின்றன. அருளப்பன் அண்ணன் கம்பெனியில் மட்டும் ஒரு இயந்திரம் ஓடுகிறது. அவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். ஐம்பது வயது இருக்கும், எப்போதும் ரப்பர் பூட்ஸ்.

"வாளா கனி. ஊர்ல இருக்க போட்டெல்லாம் படுத்துக் கெடக்கு. எனக்கு நீ ஒருத்திதான் யாவாரம்."

"கால் பார் ஐஸ் போதும்ணே."

"மீன ஐஸ்ல போட்டா கெடாம இருக்கும்னு போடுதோம். நீ எதுக்கு அதுக்குள்ள எறங்குத? கெட்டுப் போயிருவியா?"

"ஓடுனா தசையெல்லாம் வீங்குமுல்ல. குளுந்த தண்ணியில நின்னா வீக்கம் வத்தும். மறுநா ஓடலாம்."

"அப்ப நானுல்லா ஒலிம்பிக்ல ஓடணும், முப்பது வருசமா ஐஸ்லதான் நிக்கேன்" என்று சிரித்தார். சாக்கில் உமி போட்டுக் கட்டி, சைக்கிள் கேரியரில் அவரே ஏற்றிவைத்தார். பிறகு, "எடது கால ஊன மாட்டேங்கியே, என்னமும் வலிக்கா?" என்று கேட்டார்.

செருப்பு கடிக்கிறது என்றேன்.

மே 9, வெள்ளி

தண்ணீர் 11 டிகிரி. பத்து நிமிடம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத நாள்.

மே 13, செவ்வாய்

மாடி அறையிலிருந்து கீழே நான்காம் எண் அறைக்கு மாறிவிட்டேன். கீழே காற்று நன்றாக வரும். படியேறி இறங்குவதில் நேரமும் வீண். பெட்டி, பக்கெட், ஸ்பைக் ஷூ எல்லாவற்றையும் இறக்க ஒரு மணி நேரம் ஆனது. போன வருடம் வரை கூட இருந்த டெல்பினின் கட்டிலை அப்படியே விட்டுவந்தேன். அதைத் தனியாளாக நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டிய தேவையும் இல்லை.

ஆயிரம் மீட்டர் ஐந்து முறை ஓடினேன். கடைசி இரண்டும் முதல் மூன்றைவிட வேகம். சார் பார்த்திருந்தால் தலையை ஒரு முறை ஆட்டியிருப்பார். அந்த ஒரு ஆட்டலுக்காக எத்தனை வருடம் ஓடியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இடது கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பு ஓரத்தில் கொஞ்சம் இறுக்கம். மைதானம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கிறது, அதனால்தான்.

சமையல்கூடம் மூடியிருப்பதால் நானே பொங்கிக்கொள்கிறேன். இன்றும் முட்டையும் சோறும்.

மே 17, சனி

சார் வீடியோவில் வந்தார். பின்னால் மலை, பனிமூட்டம். இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயைத் திறந்தால் கொதிநீர்.

"நேரம் எல்லாம் நல்லா இருக்கு. கால் எப்படி இருக்கு? எங்கயாவது வலி?"

"இல்ல சார். நல்லா இருக்கேன்."

"போன வருசம் மாதிரி எனக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது. எந்திரி. ஒத்தக் கால்ல பத்துத் தடவ குதி."

ஒற்றைக் காலில் குதிப்பது அவருடைய சோதனை. எலும்பில் ஏதாவது இருந்தால் மூன்றாவது குதியிலேயே முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். போனை ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டுப் பத்து முறை குதித்தேன். "இன்னொரு கால்" என்றார். திரும்பி நின்று இன்னும் பத்து. முதுகைக் காட்டி நின்றால் போனில் எது வலது எது இடது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு முறையும் வலது காலில்தான் குதித்தேன்.

அவர் தலையாட்டினார். போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தத் தலையாட்டல் கிடைத்தது.

மே 22, வியாழன்

புதிய முறை. இத்தனை நாளும் ஓடி முடித்த பிறகு டிரம்மில் இறங்கினேன். இன்று ஓடுவதற்கு முன்னால் இடது காலை மட்டும் ஐஸ் பக்கெட்டில் பதினைந்து நிமிடம் வைத்தேன். கால் கட்டை மாதிரி ஆகிவிட்டது. நானூறு மீட்டர் பன்னிரண்டு முறை. எந்தத் தொந்தரவும் இல்லை. எதையுமே உணராமல் ஓடுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஐஸ் ஓட்டத்துக்குப் பிறகுதான் என்று இங்கே சேரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். தெரியாமல் செய்யவில்லை.

மே 23, வெள்ளி

இந்த யோசனை எனக்குப் புதிதாக வந்ததில்லை. அதையும் ஒரு நாள் எழுதிவிடுகிறேன்.

மே 29, வியாழன்

அம்மா போன். நடுவில் மதினி வாங்கிப் பேசினாள், திரும்ப அம்மா.

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான்மா இருக்கேன்."

"காலு கையி வலி ஒண்ணும் இல்லைல்லா?"

"இல்லம்மா."

"அங்க யாரு கூட இருக்கா?"

"பிள்ளைங்க இருக்காங்கம்மா. எட்டுப் பேரு இருக்கோம்" என்றேன். எட்டு என்று ஏன் சொன்னேனோ தெரியவில்லை. அதில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அம்மாவுக்கு நிம்மதி. போனை வைத்ததும் வராண்டா முழுக்க அமைதி. அந்தப் பாடுகிற பெண் உண்மையிலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. வெக்கை. போர்வை இடது காலில் பட்டால்கூட எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

அருளப்பன் அண்ணன் இயந்திரத்தை நிறுத்தப்போகிறார். போட்டுகள் இறங்குவதற்கு முன்னால் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட வேண்டுமாம்.

"பத்து நாளைக்கு ஐஸ் கெடையாது பிள்ள. கடலும் ஓய்வு எடுக்கு, மிசினும் ஓய்வு எடுக்கப் போவுது. நீயும் கொஞ்சம் படுத்து எந்திரியேன்."

"எனக்கு இருவத்தொண்ணாந் தேதி ரேசுண்ணே."

"அதுக்கு? இந்த ஓய்வு இல்லன்னா கடல்ல மீனே மிஞ்சாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோருக்கும் எனக்குப் புத்தி சொல்ல வருகிறது என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். கடைசிப் பாரில் பாதியை உடைத்துச் சும்மாவே கட்டிக்கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

விடுதி ஃபிரிட்ஜில் பால் கவர்களில் தண்ணீர் ஊற்றி அடுக்கியிருக்கிறேன். இருபத்தேழு கவர்.

ஜூன் 8, ஞாயிறு

டிரம்முக்குத் தேவையான ஐஸ் இல்லை. அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணாது, அதனால் பாதியில் நிறுத்தித் தப்பிக்கவும் முடியாது.

டெல்பின் மணப்பாட்டுக்காரி. நான்கு வருடம் என் அறைத்தோழி. அவள் ஐயாயிரம், நானும் ஐயாயிரம். டிரம்மில் நான் நிற்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்து பதினேழாம் வாய்ப்பாடு கேட்பாள். ஆறாவது நிமிடத்துக்கு மேல் எனக்கு வராது. "பதினேழெட்டு எத்தன, சொல்லுட்டி" என்று மிரட்டுவாள். தப்பாகச் சொன்னால் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி வெளியே போட்டுவிடுவாள்.

போன வருடத் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், "கனி, முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குதுட்டி. சார்ட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொன்னால் சார் அவளை ஓடவிட மாட்டார். எங்கள் இரண்டு பேரில் அவள்தான் வேகம். அவள் ஓடாவிட்டால் எனக்கு இடம் கிடைக்கும் என்று நினைத்து நான் சொல்லச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அதைச் சொல்லவில்லை. "சொல்லாத. ஓடுறதுக்கு முன்னாடி ஐஸ்ல வையி, மரத்துப் போகும். பன்னெண்டரச் சுத்துதானே" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் ஓட அவள் வேண்டும். அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால்தான் எனக்கு நேரம் வரும். எழுதிப் பார்த்தால் அவள் நல்லதுக்கு என்ற வாக்கியம் நிற்க மாட்டேன் என்கிறது.

ஒன்பதாவது சுற்றில் வளைவில் விழுந்தாள். சத்தம் கேட்டது. எனக்கு நேர் முன்னால். நான் தாண்டிக் குதித்து ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். காலில் கம்பி வைத்தார்கள், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு அவள் அண்ணன் வந்து பெட்டியை எடுத்துப்போனார். அன்று நான் மைதானத்தில் இருந்தேன், வேண்டுமென்றே.

ஜூன் 11, புதன்

பால் கவர் ஐஸ் பத்தவில்லை. ஆறு கிலோமீட்டர்தான். இடது பக்கத்தில் பத்து என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். எல்லா ஐஸ் கம்பெனியும் ஓடுகிறது. பாரைப் பொடியாக்கிக் குழாய் வழியாகப் படகுக்குள் கொட்டுகிறார்கள். எங்கே பார்த்தாலும் ஐஸ், எனக்குத் தர ஒரு துண்டு இல்லை. அருளப்பன் அண்ணன் தூரத்திலிருந்தே கையை விரித்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு படகிலும் எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் நின்று கடலுக்குப் போனார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மிதிக்க முடியாமல் இல்லை, நடக்கலாம் என்று தோன்றியது.

ஜூன் 18, புதன்

ஓய்வு. தேர்வுக்கு முன் ஓய்வு நல்லது.

ஜூன் 20, வெள்ளி

திருச்சி. பஸ்ஸில் ஆறு மணி நேரம், காலை நீட்ட இடமில்லை. வீராங்கனைகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மைதானத்துக்கு எதிரே ஜூஸ் கடை இருக்கிறது. நாளைக் காலை ஐஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கெட் கொண்டுவந்திருக்கிறேன். ஊர்விட்டு ஊர் பக்கெட்டோடு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாருக்கு "ரெடி சார்" என்று அனுப்பினேன்.

ஜூன் 21, சனி

திருச்சி பஸ் நிலையம். மதியம் இரண்டு மணி.

காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிடம் பக்கெட்டில் நின்றேன். துடைத்துவிட்டு நீளக் காலுறையை இழுத்துவிட்டேன். வார்ம் அப் ஓடும்போது கால் என்னுடையதாகவே இல்லை. நல்லது என்று நினைத்தேன்.

ஓடுவதற்கு முன் எண்ணையும் ஸ்பைக்கையும் சரிபார்க்கும் கூடாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு பேர். பட்டியலோடு உள்ளே வந்தது டெல்பின். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நடுவர் அட்டை. லேசாக இழுத்து நடக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓடிப்போக இடமில்லை.

"நம்பர்?"

"நாப்பத்தி மூணு."

"ஸ்பைக்கக் காட்டு."

காலை நீட்டினேன். அவள் ஒரு முழங்காலை மட்டும் மடக்கிச் சிரமப்பட்டுக் குனிந்தாள். ஸ்பைக்கைத் திருப்பிப் பார்த்தவள் கை காலுறைமேல் பட்டு அப்படியே நின்றது.

"ஓடுறதுக்கு முன்னாடியே ஐஸா?"

நான் காலுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டேன்.

"யாரு வெளிய இருந்தா?"

"யாருமில்ல."

"வலிக்குதா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். பட்டியலில் டிக் போட்டுவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள். தப்பித்தேன் என்று இருந்தது. அதோடு அவள் இன்னொரு தரம் கேட்க மாட்டாளா என்றும் இருந்தது. கேட்கவில்லை. பன்னிரண்டு பேரையும் முடித்து, "எல்லாரும் வரிசையா வாங்க" என்றாள். எழுந்தேன். முதல் அடி வைத்தபோது பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் நின்ற பெண் கூடாரத்தைவிட்டு வெளியே போய்விட்டாள். அடுத்தது நான்.

"டெல்பின்."

திரும்பினாள்.

"வலிக்குது."

சொன்ன பிறகு வாயை மூட முடியவில்லை. "ரொம்ப வலிக்குது டெல்பின்" என்றேன், சின்னப்பிள்ளை மாதிரி.

"எங்கன்னு தொட்டுக் காட்டு."

ஒரு விரலால் காட்டினேன். ஒரு விரலால் காட்ட முடிகிற இடம் என்றால் அது தசை இல்லை, எலும்பு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவள் பேனாவை எடுத்து என் பெயர்மேல் கோடு போட்டாள். 'செந்தூர்க்கனி' நீளமான பெயர். கோடு முடிய நேரம் பிடித்தது.

"அன்னைக்கு நான் உன்னத் தாண்டிப் போயிட்டேன்."

"ரேசுன்னா எல்லாரும் தாண்டத்தான் செய்வாங்க. அதுக்கு யாரு கோவப்பட்டா? மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தேன் கனி. கதவு தொறக்கும்போதெல்லாம் நீதான்னு பாத்தேன்." குரல் உடையாமல்தான் சொன்னாள். "இப்ப உங்கூட உக்காந்து பேச எனக்கு நேரமில்ல. பதினோரு பேரக் கூட்டிட்டுப் போகணும். முதல்ல ஸ்கேன் எடு."

போய்விட்டாள். காலி பெஞ்சில் உட்கார்ந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கூடாரத்திலிருந்து பாதை தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து போனது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். முதலில் வந்தவள் நேரத்தை மைக்கில் சொன்னார்கள், பதினேழு நிமிடம் முப்பத்தொரு வினாடி. மே மாதம் நான் தனியாக ஓடியதே அதைவிடக் குறைவு. காலுறையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

சாருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், குதித்த கதையையும். "விடுதிய மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்மா, அத நான் மாத்த முடியாது" என்றார். தெரியும் சார் என்றேன்.

ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். எலும்பில் தலைமுடி அளவு கோடு. பாதிக்கு மேல் போயிருக்கிறது. சனிக்கிழமை ஓடியிருந்தால் முழுசாக விட்டிருக்கும், கம்பிதான் என்றார். இரண்டு மாதம் ஊன்றக் கூடாது. மறுபடி ஓடலாமா என்று கேட்டேன். நடப்பதைப் பற்றி முதலில் பேசுவோம் என்றார்.

"எப்ப இருந்தும்மா வலி?"

"ரெண்டு வாரமா."

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரத்துல இப்படி ஆகாதும்மா."

"ஏப்ரல் பத்தாம் தேதியில இருந்து சார்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

சொல்ல ஆள் இல்லை சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது பொய். அருளப்பன் அண்ணன் கேட்டார். ரத்தினபாண்டி சார் கேட்டார். அம்மா கேட்டாள். கேட்ட அத்தனை பேரிடமும் இல்லை என்று சொன்னவள் நான்தான்.

"கேட்டாங்க சார்" என்றேன். "நாந்தான் சொல்லல."